குருதியின் அழலும் மனத்தின் இருளும்



காய்ச்சலிற் கிடப்பவரை நினைத்துப் பாருங்கள். உணவு கசக்கின்றது, உற்றார் குரலும் தொல்லையாகின்றது, மூலையிற் சுருண்டு கிடப்பதொன்றே வேண்டியிருக்கின்றது. டெங்குக் காய்ச்சல் நீங்கிப் பள்ளிக்கு வந்த மாணவன் ஒருவன் வாரக்கணக்கில் எவருடனும் பேசாது அமர்ந்திருந்தபோது, சோம்பல் என்று கருதி நான் கடிந்துகொண்டதுண்டு. இன்றாயின் அவ்வாறு செய்யேன். உடல் நோயோடு போராடும்போது மூளையும் அப்போரிற் பங்குகொள்கின்றது.

காயமோ கிருமியோ தாக்கிய இடம் சிவந்து, வீங்கி, சுடுவதையே அழற்சி என்கிறோம். அப்போது குருதியிலே சில புரதங்கள் பெருகும். அவற்றுள் ‘சி எதிர்வினைப் புரதம்’ என்பது 1930ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரின் றொக்பெல்லர் நிலையத்தில், நிமோனியா நோயாளரின் குருதியிற் கண்டறியப்பட்டது. அதனை உண்டாக்குவது ஈரல். ஈரலை அதற்கு ஏவும் தூதுப்பொருள் இன்ரலூக்கின்-6.

இவை மனத்தைத் தொடுமோ? எவரும் எதிர்பாராத வகையில் ஒரு மருந்து இதற்கு விடை தந்தது. இன்ரர்பெரோன் என்னும் ஊசிமருந்து ஈரலழற்சிக்கும் ஒருவகைத் தோற் புற்றுநோய்க்கும் நெடுங்காலம் வழங்கப்பட்டது. உடலின் எதிர்ப்பாற்றலைக் கிளர்த்திவிடுவதே அதன் தொழில். முன்னர் மனநோய் ஏதும் அறியாதவர்களும் அதனைப் பெற்றபின் சில வாரங்களிலே துயரில் ஆழ்ந்தனர். சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்ட ஆய்விலே, இன்ரர்பெரோன் பெறவிருந்த புற்றுநோயாளருள் ஒரு சாராருக்கு மனச்சோர்வைத் தணிக்கும் மருந்தும், மறுசாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் முற்கூட்டியே கொடுக்கப்பட்டன. மருந்தற்ற மாத்திரை பெற்ற 20 பேரில் 9 பேர் கடும் மனச்சோர்வுக்கு உள்ளாயினர். மருந்து பெற்ற 18 பேரில் இருவரே உள்ளாயினர். அந்த ஒன்பதின்மரையும் கோழைகள் என்று சொல்ல எவர் துணிவார்?

2009இலே சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரின் மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்துள்ள நீரைச் சோதித்தனர். நலமுற்றிருப்போரைக் காட்டிலும் அவர்களிடத்தில் இன்ரலூக்கின்-6 மிகுந்திருந்தது. உணவிலிருந்து நாம் பெறும் திரிப்ரோபான் என்னும் பொருளைக் கொண்டே மூளை செரற்றோனினை ஆக்குகின்றது. அழற்சி மிகும்போது அப்பொருள் வேறு வழியிலே திருப்பப்பட்டு, நரம்புக் கலங்களை உறுத்தும் பொருள்களாக மாறுகின்றது என்பது ஒரு விளக்கம்.

ஆயின், அழற்சியை அடக்கினால் துயர் தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. மூட்டுவாதத்துக்கு வழங்கப்படும் மருந்தொன்றை, பிற மருந்துகளால் மனச்சோர்வு நீங்காத 60 பேரிடம் எமரியிலே சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டனர். மொத்தத்தில் அம்மருந்து வெறும் நீரினும் மேம்படவில்லை. சி எதிர்வினைப் புரதம் முன்னரே மிகுந்திருந்தவர்களிடத்தில் மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது. எல்லோருடைய சோர்வுக்கும் வேர் ஒன்றன்று.

மேலும், அப்புரதம் உடற்பருமனாலும் புகைத்தலாலும் ஈறுநோயாலும் உயரும். குருதி அறிக்கை குறையற்றிருக்கும் ஒருவரும் இறப்பை நாடியிருக்கக்கூடும். அதனை அறிய வாய்விட்டுக் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணமும் முளைத்துவிடும் என்று ஆசிரியர் பலர் அஞ்சுகின்றனர், நானும் அஞ்சியவனே. அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லையென ஆய்வுகள் காட்டியுள்ளன. கேட்டபின் செய்வதறியாது நிற்போர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை இரவிலும் பகலிலும் அழைக்கலாம்.