இரு முகாம்களிலும் ஒரே நிறுவனம்

சமூக ஊடகங்களில் திட்டமிட்டுப் பரப்பப்படும் பொய்த் தகவலை ஆராய்வோர், ஒரு பதிவு உண்மையா என்று சரிபார்ப்பதோடு நில்லாமல், அது எவரெவர் வழியாகப் பரவியது என்பதையும் தேடுகின்றனர். இதற்குப் பயன்படும் வலைப்பின்னல் பகுப்பாய்வில் ஒவ்வொரு கணக்கும் ஒரு புள்ளியாகவும், ஒருவரின் பதிவை மற்றொருவர் மறுபகிர்வு செய்வது அவ்விரு புள்ளிகளை இணைக்கும் கோடாகவும் வரையப்படுகிறது. தமக்குள் அடிக்கடி பகிர்ந்துகொள்ளும் கணக்குகள் நெருங்கித் திரள்வதால், யார் எந்த முகாமினர், எவருடைய பேச்சு அதிகம் பரவுகிறது என்பவை படத்திலேயே புலப்படுகின்றன.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கேட் ஸ்டார்பேர்டும் அவருடைய குழுவினரும், கறுப்பினத்தவர் உரிமைக்கான 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்தையும் துப்பாக்கிச் சூடுகளையும் பற்றி 2016இல் ட்விட்டரில் நடந்த விவாதத்தை இவ்வாறு வரைந்தபோது, இயக்கத்தை ஆதரித்தோர் ஒரு திரளாகவும் எதிர்த்தோர் மற்றொரு திரளாகவும் பிரிந்து நின்றனர். அதில் வியப்பில்லை. ஆனால், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இயங்கிய 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்னும் நிறுவனத்தின் 2,752 ட்விட்டர் கணக்குகளின் பட்டியல் 2017 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு வழியே வெளியான பின், அக்கணக்குகளை முன்பே வரைந்த படத்தில் தேடிப் பார்த்தபோது, அவை இரு திரள்களிலும் இருந்தன: ஒரு பக்கம் கறுப்பின ஆர்வலர்களாக, மறுபக்கம் பழமைவாத அமெரிக்கர்களாக வேடம் பூண்டு, இருக்கும் பிளவை மேலும் அகலமாக்கிக்கொண்டிருந்தன.

படம் அவற்றைத் தானாகக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதே இங்கு முக்கியம். பட்டியல் வரும்வரை அவை சுறுசுறுப்பான மற்றக் கணக்குகளைப் போலவே தோன்றின. அவற்றின் பதிவுகளைப் பரப்பியவர்களில் தாம் நம்பியதைப் பகிர்ந்த உண்மையான குடிமக்களும் இருந்தனர். கோடு தொடர்பைக் காட்டுமேயன்றி நோக்கத்தைக் காட்டாது. பல கணக்குகள் ஒரே இணைப்பைச் சில நொடி இடைவெளியில் பகிர்வது கூட்டுச் செயலின் தடயமாகக் கொள்ளப்படுகிறது எனினும், நடிகர்களின் பிறந்தநாளில் ரசிகர்கள் செய்வதும் ஏறத்தாழ அதுவேயாதலால், பதிவுகளைப் படித்துப் பார்க்கும் மனித உழைப்பைத் தவிர்க்க இயலாது.

இப்படங்களை வரையத் தேவையான தரவும் அருகி வருகிறது. ட்விட்டர் 2023இல் இலவசத் தரவு அணுகலை நிறுத்தியது. மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் 'கிரவுட்டேங்கிள்' என்னும் ஆய்வுக் கருவியை மூடியது. செய்திகள் மறையாக்கம் செய்யப்படும் வாட்ஸ்அப்பிலோ வெளியார் காணக்கூடிய கோடுகளே இல்லை. அங்கு நிறுவனம், உள்ளடக்கத்தைப் படிக்காமலேயே, பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வரம்பிட்டது.