பர்ஸுக்குப் பூட்டு, பாஸ்போர்ட்டுக்கு ஜெராக்ஸ்

2022 ஜூன் மாதம் ஒரு வீடியோ இந்தியா முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. காரின் முன்கண்ணாடியைத் துடைக்கிறான் ஒரு சிறுவன். துடைக்கிற சாக்கில், கையில் கட்டியிருக்கும் வாட்ச்சை ஃபாஸ்டேக் ஸ்டிக்கர் மேல் ஓட்டுகிறான். காசுகூட வாங்காமல் கிளம்பப் பார்க்கிறான். காரில் இருப்பவர்கள் வாட்ச்சைப் பற்றிக் கேட்டதும் ஓட்டம் பிடிக்கிறான். ‘ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து இப்படித்தான் பணத்தை உருவுகிறார்கள், உஷார்!’ என்ற எச்சரிக்கையோடு குடும்ப குரூப்களில் எல்லாம் அது வந்து விழுந்தது.

வீடியோ நடித்து எடுக்கப்பட்டது. ஃபாஸ்டேக் அமைப்பை நடத்தும் என்.பி.சி.ஐ. உடனே மறுப்பு வெளியிட்டது. பதிவு செய்யப்பட்ட சுங்கச்சாவடி, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றின் கணினிகள் மட்டுமே ஃபாஸ்டேக்கில் பணம் கேட்க முடியும். தனி ஆள் ஒருவர் ஸ்கேன் செய்து தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழியே இல்லை என்று அது விளக்கியது. வதந்தி அடங்கியது, பயம் அடங்கவில்லை. ஃபாஸ்டேக்கிலிருந்து அது பர்ஸில் இருக்கும், மெஷினில் செருகாமல் தட்டியே செலவழிக்கும் ‘வைஃபை கார்டு’க்குத் தாவியது. ஆன்லைன் கடைகளில் ‘ஆர்.எஃப்.ஐ.டி. பிளாக்கிங்’ (ரேடியோ அலைத் தடுப்பு) என்று பெயர் போட்ட பர்ஸ்களுக்கும் கார்டு உறைகளுக்கும் பஞ்சமில்லை. நெரிசலான பஸ்ஸில் ஒருவன் இடித்துக்கொண்டு போனால் கணக்கே காலி என்பதுதான் இந்த விற்பனையின் அடிப்படை.

அது நடக்குமா?

முதலில், கார்டில் வைஃபை எதுவும் இல்லை. அந்த வளைகோட்டுச் சின்னம் பார்வைக்கு அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே பேட்டரியும் இல்லை. பிளாஸ்டிக்கின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று ஓடுகிறது. கடை மெஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து அந்தச் சுருள் மின்சாரம் எடுத்துக்கொண்டால்தான் சிப் கண் விழிக்கும். இந்தப் புலம் தூரம் கூடக் கூட மிக வேகமாக வலுவிழக்கும். அதனால்தான் கடையில் நான்கு சென்டிமீட்டருக்குள் கார்டைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஆய்வகங்களில் பெரிய ஆன்டெனா வைத்து இந்தத் தூரத்தைக் கால் மீட்டர் அளவுக்கு நீட்டியிருக்கிறார்கள். அந்த ஆன்டெனாவையும் அதற்கான மின்சாரத்தையும் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறுவது வேறு விஷயம். போதாததற்கு, பர்ஸில் இரண்டு மூன்று கார்டுகள் ஒட்டி இருந்தால் அவை ஒரே நேரத்தில் பதில் சொல்லும். மெஷின் குழம்பி, ஒரு கார்டை மட்டும் காட்டச் சொல்லும்.

ஆனாலும் இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 2006-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் ஃபூ, ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தின் ஏரி ஜூயல்ஸ் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள், அப்போது புதிதாக வந்திருந்த தொடுகையில்லாக் கார்டுகளைச் சோதித்தார்கள். வைத்திருப்பவரின் பெயர், கார்டு எண், காலாவதித் தேதி எல்லாம் எந்த மறைப்பும் இல்லாமல் காற்றில் வந்தன. தபாலில் வந்த உறையைப் பிரிக்காமலே உள்ளே இருந்த கார்டைப் படித்துக் காட்டினார்கள். சுமார் 150 டாலர் உதிரிபாகங்களில் அவர்களுடைய கருவி தயாரானது. 2012-ல் வாஷிங்டனில் நடந்த ஷ்மூகான் ஹேக்கர் மாநாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கிறிஸ்டின் பேஜெட் இன்னும் ஒரு படி போனார். தானாக முன்வந்த ஒருவரின் கார்டை மேடையிலேயே காற்றில் படித்து, அந்த விவரத்தை வெற்றுக் காந்தப்பட்டைக் கார்டில் ஏற்றி, தேய்த்து, 15 டாலரைத் தன் கணக்கில் வரவு வைத்தார். பர்ஸ் வியாபாரிகள் இன்றும் சாப்பிடுவது அந்த நாட்களின் பெயரைச் சொல்லித்தான்.

அதற்குப் பின் கார்டுகள் மாறிவிட்டன. இப்போதைய சிப் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிதாக ஒரு ரகசியக் குறியீட்டைக் கணக்கிட்டு அனுப்புகிறது. ஒரு முறை பயன்பட்டது அடுத்த முறை செல்லாது. பெயர் பொதுவாக வருவதில்லை. பின்பக்கம் அச்சிட்ட மூன்று இலக்க சி.வி.வி. எண் சிப்பிலிருந்து கிடைக்காது. ஆனால் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பல கார்டுகளில் இன்னும் திறந்தபடிதான் வருகின்றன. என்.எஃப்.சி. உள்ள ஆண்ட்ராய்டு போனில் கார்டு படிக்கும் செயலி ஒன்றைப் போட்டு, சொந்தக் கார்டைப் போனின் முதுகில் வைத்துப் பார்த்தால், எண் முழுதாகத் திரையில் வந்து நிற்பதைக் காணலாம்.

எண்ணும் தேதியும் மட்டும் வைத்து என்ன செய்ய முடியும்? பிரிட்டனின் நுகர்வோர் அமைப்பான ‘விச்?’ 2015-ல் பத்துக் கார்டுகளை எடுத்து இதைச் சோதித்தது. காற்றில் படித்த விவரங்களை வைத்தே, சி.வி.வி. கேட்காத ஓர் ஆன்லைன் கடையில் 3,000 பவுண்டு டி.வி.க்கு ஆர்டர் போட முடிந்தது. ஓட்டை கார்டில் இருந்ததைவிடக் கடையில் இருந்தது என்று சொல்வதே நியாயம்.

இந்தியாவில் ஆன்லைனில் வாங்க ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். வெளிநாட்டு இணையதளங்கள் பலவும் அதைக் கேட்பதில்லை. அதற்குத்தான் ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது: புதிதாகத் தரும் கார்டு உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினில் செருகியும் மட்டுமே வேலை செய்ய வேண்டும். ஆன்லைன், வெளிநாடு, தொடுகையில்லாப் பயன்பாடு மூன்றையும் வேண்டும் என்பவர் தானே திறந்துகொள்ள வேண்டும். வங்கிச் செயலியில் அந்த சுவிட்சுகள் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டபோது வெளிநாட்டு சுவிட்சைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து வருஷம் ஆகியும் மூடாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். 1,000 ரூபாய் பர்ஸைவிட அந்த சுவிட்ச் பெரிய காவல்.

பின் நம்பர் போடாமல் தட்டிச் செலவழிக்கும் உச்சவரம்பு 2021 ஜனவரி 1 முதல் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பஸ்ஸில் மெஷினோடு வரும் திருடனுக்கு இந்தத் தொகை லாபமில்லை. அவனுக்கு வியாபாரிக் கணக்கு வேண்டும். அதற்கு அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்திருக்க வேண்டும். பணம் கைக்கு வருமுன் கார்டுக்காரரின் போனில் எஸ்.எம்.எஸ். அடித்துவிடும். கார்டே தொலைந்தால்தான் 5,000 ரூபாய் வலிக்கும். எடுத்தவன் கடை கடையாகப் போய்த் தட்டுவான். பிரிட்டனில் பதிவான தொடுகையில்லா மோசடி எல்லாமே தொலைந்த, திருடுபோன கார்டுகளில் நடந்தவை என்று அங்குள்ள வங்கிகளின் கூட்டமைப்பு சொல்லிவந்திருக்கிறது. தடுப்புப் பர்ஸ் இதற்கு உதவாது. பிக்பாக்கெட்காரன் கார்டைப் பர்ஸோடு சேர்த்துத்தானே கொண்டுபோகிறான்!

பாஸ்போர்ட்டின் கதை கொஞ்சம் வேறு. அமெரிக்க வெளியுறவுத் துறை சிப் வைத்த பாஸ்போர்ட்டுக்கான திட்டத்தை 2005-ல் மக்கள் முன் வைத்தபோது 2,335 கருத்துகள் வந்தன, அவற்றில் 98.5 சதவீதம் எதிர்ப்பு. சிப்பில் உள்ளதை யார் வேண்டுமானாலும் தொலைவிலிருந்து படிக்கலாம் என்ற கவலைதான் பெரிது. அதன் பிறகே அட்டைக்குள் உலோகத் தடுப்பு சேர்ந்தது. மூடிய பாஸ்போர்ட் வாய் திறக்காது. கூடவே ஒரு மின்னணுப் பூட்டும் வந்தது. பாஸ்போர்ட்டைத் திறந்து, புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளை மெஷின் முதலில் படிக்க வேண்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றிலிருந்தும் உருவாகும் சாவியைக் காட்டினால்தான் சிப் பேசும்.

அந்தப் பூட்டும் ஆரம்பத்தில் லொடலொட. நெதர்லாந்து பாஸ்போர்ட் எண்கள் வரிசையாக, தேதியோடு தொடர்பு உள்ளவையாக இருந்ததால், சிப்புக்கும் மெஷினுக்கும் இடையே பதிவு செய்த ஓர் உரையாடலை வைத்தே டெல்ஃப்ட் நகரின் ரிஸ்க்யூர் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் சுமார் இரண்டு மணி நேரத்தில் சாவியைக் கண்டுபிடித்தது. பின்னால் வந்த ‘பேஸ்’ என்ற முறை, இப்படி ஒட்டுக்கேட்டுச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாதபடி உரையாடலைப் பலப்படுத்தியது.

இந்தியாவில் முதல் மின்-பாஸ்போர்ட் 2008-ல் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டிலுக்குத் தரப்பட்டது. பொதுமக்களுக்கு வர வெகுகாலம் ஆனது: 2024 ஏப்ரலில் நாக்பூரிலும் புவனேஸ்வரிலும் சோதனை, 2025 மார்ச் 3 முதல் சென்னை. அந்த மாதம் 22-ம் தேதிக்குள் தமிழகத்தில் 20,729 பேர் கைக்கு வந்துவிட்டது. முன்னட்டையில் எழுத்துகளுக்குக் கீழே சின்னதாகத் தங்க நிறச் சின்னம் இருந்தால் உள்ளே சிப் இருக்கிறது என்று பொருள்.

இதற்கு உறை வாங்கிப் போடுபவர்களில் எத்தனை பேர் அதே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை டிராவல்ஸ்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள்? லாட்ஜ் ரிசப்ஷனில் ஜெராக்ஸ், சிம் கார்டு வாங்க ஜெராக்ஸ், விசா ஏஜென்ட்டுக்கு இரண்டு ஜெராக்ஸ். சிப்பைத் திறக்கத் தேவையான மூன்று விவரமும் அந்தத் தாளில் அச்சடித்தே இருக்கின்றன. அதைவிட, சிப்பில் உள்ள பெயர், பிறந்த தேதி, புகைப்படம் அத்தனையும் அதே தாளில் இருப்பதால், திருடனுக்கு ஆன்டெனா எதற்கு? பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டுவிட்டுக் கதவுக்கு இரும்புத் தகடு அடிப்பது போலத்தான் இது. விமான நிலையத்தில் புதுப் பாஸ்போர்ட்டை விரித்துப் பிடித்து இன்ஸ்டாகிராமில் படம் போடுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உறை வேலையே செய்யாதா என்றால், நல்லதாக இருந்தால் செய்யும். 2011-ல் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்துத் தடுப்பு உறைகளைச் சோதித்தபோது எதுவுமே அலையை முழுசாக மறிக்கவில்லை. அவர்களே டேப்பும் அலுமினியம் ஃபாயிலும் வைத்து ஒட்டிய உறை அவற்றில் எட்டைத் தோற்கடித்தது. வாங்கிய பர்ஸைச் சோதிக்க எளிய வழி உண்டு. கார்டை உள்ளே வைத்து மூடி, கடையில் மெஷினுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். பில் விழுந்தால் பர்ஸ் வெறும் பர்ஸ்தான்.

கார்டு உரியவர் கையில் இருக்கும்போதே காற்றில் பணம் போன வழக்குகள் உண்டு. அவற்றில் இடித்துக்கொண்டு போகிறவன் யாரும் இல்லை. 2023 இறுதியிலிருந்து செக் குடியரசில் பலருக்கு வரிப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எஸ்.எம்.எஸ். வந்தது. அதைத் தொட்டவர்களின் போனில் வங்கிச் செயலி போன்ற ஒன்று ஏறியது. பிறகு ‘வங்கியிலிருந்து’ போன்: உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது, புதுப் பின் நம்பர் மாற்ற வேண்டும், கார்டைப் போனின் முதுகில் வையுங்கள். வைத்தார்கள். பழைய பின்னையும் தட்டினார்கள். அந்த நொடியில் கார்டின் பதில்கள் இணையம் வழியாகப் போய், எங்கோ ஓர் ஏ.டி.எம். முன் நின்ற திருடனின் போனில் இறங்கின.

ஒவ்வொரு முறையும் மாறும் ரகசியக் குறியீடு இங்கே பயன்படவில்லை. பதில் சொன்னது அசல் கார்டேதான். இதைக் கண்டுபிடித்த ஈசெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அந்த மென்பொருளுக்கு ‘என்கேட்’ என்று பெயரிட்டது. அதன் உள்ளே இருந்த கருவி, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக மாணவர்கள் ஆராய்ச்சிக்காக எழுதியது. 2024 மார்ச்சில் பிராகாவில் 22 வயது இளைஞர் ஒருவர் பிடிபட்டார். கையில் 1,60,000 கொருனா இருந்தது. அடுத்த ஆண்டு இத்தாலியிலும் இதே பாணி தலைகாட்டியது.

இப்படி மாட்டிக்கொண்டால் இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் முழுத்தொகையும் திரும்பும். வாடிக்கையாளரே பின் நம்பரைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நிமிஷம் வரை போனது அவர் தலையில். சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. அதனால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்வதோடு நிற்காமல், வங்கியையும் கூப்பிட்டு முதலில் கார்டை முடக்கச் சொல்ல வேண்டும்.