நாட்டுப்பண்ணும் விளையாட்டு வீரரும்

முன்னுரை

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கன்னிவாடி. நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக விளங்கிய சிறப்புடையது. அவ்வூரிலிருந்து வந்து நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கபடி ஆட்டத்தில் வல்லவர். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் அவர் நம்மை அணுகி, "ஐயா, நாட்டுப்பண் ஒலிக்கும்போது மண்டியிட்ட விளையாட்டு வீரர் நாட்டை இகழ்ந்தவர் ஆவாரா?" என்று வினவினார்.

வினாவின் பின்னணியை அவரே கூறினார். விடுதலை நாளன்று வேறொரு சிற்றூரில் நடந்த கபடிப் போட்டிக்கு அவருடைய அணி சென்றிருந்தது. இடைவேளையில் வீரர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் தந்தனர். அணியில் ஒருவருக்கு மட்டும் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றினர். அவர் ஊரின் காலனியிலிருந்து வந்தவர். ஆட்டத்தில் மிகுதியான புள்ளிகளை ஈட்டியவரும் அவரே. மாலையில் பரிசளிப்பு முடிந்து நாட்டுப்பண் ஒலித்தபோது எல்லாரினும் நேராக நின்றவரும் அவரே. "அந்த நேரத்தில் அவர் தலையைக் குனிந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள், ஐயா?" என்று மாணவர் கேட்டார்.

அன்று நாம் உடனே விடை கூறவில்லை. அவ்வினாவிற்கு வரலாறும் சட்டமும் தரும் விடையை ஈண்டு ஒருவாறு தொகுத்துரைக்க முயல்வோம்.

1936: பெர்லின் தந்த இரு காட்சிகள்

விளையாட்டரங்கில் நாட்டுப்பண் ஒலிப்பது வென்றவரைப் பெருமைப்படுத்துவதற்காகும். ஆயின், ஒலிக்கும் பண் வென்றவரின் நெஞ்சுக்கு உரியதாக இல்லாதபோது என்ன நிகழும்? 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் இதற்கான சான்றினைக் காண்கிறோம்.

மாரத்தான் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற சோன் கீ சுங் கொரியர். மூன்றாமிடம் பெற்ற நாம் சுங் யோங்கும் கொரியரே. அந்நாளில் கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் அவ்விருவரும் ஜப்பான் வீரராகவே ஓட நேர்ந்தது. பரிசு மேடையில் ஜப்பானிய நாட்டுப்பண் ஒலித்தபோது இருவரும் தலைகவிழ்ந்து நின்றனர். வென்றவருக்கு அளிக்கப்பட்ட ஓக் மரக்கன்றினால் சோன் தம் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டார். கொரிய நாளிதழ் ஒன்று அக்கொடியை அழித்துப் படத்தை வெளியிட்டது. அதற்காக இதழ் தடைசெய்யப்பட்டது. செய்தியாளர் சிறை சென்றனர். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில், அதே சோன் ஒலிம்பிக் சுடரைக் கையிலேந்தி அரங்கினுள் நுழைந்தார்.

அதே பெர்லினில், ஆகஸ்டு 15-ஆம் நாள், தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்ற கணக்கில் வென்றது. அரங்கில் அவர்களுக்குரிய கொடி ஆங்கில அரசின் கொடி. எனினும் ஆட்டத்திற்கு முன் உடைமாற்றும் அறையில் அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்துக்காட்ட, வீரர்கள் அதனை வணங்கிய பின்பே களமிறங்கினர் என்று தியான் சந்த் தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். பதினோராண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெற்றது.

இவ்விரண்டும் அயலாட்சியின் கீழ் நிகழ்ந்தவை. சொந்த நாட்டின் பண் ஒலிக்கையில் எதிர்ப்பைக் காட்டுவது இதனினும் சிக்கலானது. அதனை இனிக் காண்போம்.

1968: மேடையில் மூவர்

1968 அக்டோபர் 16-ஆம் நாள் மெக்சிகோ நகரில் 200 மீட்டர் ஓட்டத்தின் பரிசளிப்பு நிகழ்ந்தது. 19.83 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்த அமெரிக்கக் கறுப்பின வீரர் டாமி ஸ்மித் முதலிடத்திலும், அவர் நாட்டவரும் இனத்தவருமான ஜான் கார்லோஸ் மூன்றாமிடத்திலும் நின்றனர். இருவருக்கும் இடையே இரண்டாமிடம் பெற்றவர் பீட்டர் நார்மன் என்னும் ஆஸ்திரேலிய வெள்ளையர்.

அமெரிக்க நாட்டுப்பண் ஒலித்தது. கறுப்பினத்தவர் இருவரும் தலைகுனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினர். காலணியின்றிக் கறுப்புக் காலுறையுடன் அவர்கள் நின்றது தம் மக்களின் வறுமையைக் காட்டுதற்கு. கார்லோஸ் கழுத்திலிருந்த மணிமாலை, கும்பல்களால் கொலையுண்ட கறுப்பினத்தவரின் நினைவாக. அவர்கள் கூச்சலிடவில்லை, பண்ணை நிறுத்தவில்லை, எவரையும் தடுக்கவில்லை. எனினும் ஒலிம்பிக் ஊரிலிருந்து இருவரும் வெளியேற்றப்பட்டனர். நாடு திரும்பியபின் கொலை மிரட்டல்களுக்கும் வறுமைக்கும் ஆளாயினர்.

நார்மன் கையை உயர்த்தவில்லை. மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற அமைப்பின் சின்னத்தை மற்ற இருவரைப் போலவே தாமும் மார்பில் அணிந்து நின்றார். அவ்வளவே. அதற்கும் விலை இருந்தது. சொந்த நாட்டில் அவர் பழிக்கப்பட்டார். 1972 ஒலிம்பிக் போட்டிக்கு ஆஸ்திரேலியா அவரை அனுப்பவில்லை. 2006-இல் அவர் மறைந்தபோது ஸ்மித்தும் கார்லோசும் வந்து அவருடைய பேழையைத் தோளில் சுமந்தனர். 2012-இல் ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் அவரிடம் காலங்கடந்து வருத்தம் தெரிவித்தது.

மனச்சான்றும் மண்டியிடலும்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மஹ்மூத் அப்துல் ரவூஃப் 1991-இல் இஸ்லாத்தைத் தழுவியவர். தம் நாட்டுக் கொடி பலருக்கு ஒடுக்குமுறையின் அடையாளமாகவும் இருக்கிறது என்று கருதிய அவர், 1996-இல் நாட்டுப்பண்ணிற்கு எழுந்து நிற்க மறுத்தார். இறைவனுக்கு முன் தம் மனச்சான்று இடந்தரவில்லை என்றார். மார்ச் 12-ஆம் நாள் அவர் ஆட்டத்திலிருந்து நீக்கி வைக்கப்பட்டார். ஓரிரு நாளில் இணக்கம் ஏற்பட்டது. அதன்படி அவர் எழுந்து நிற்பார். ஆனால் தலைதாழ்த்திக் கையேந்தித் துன்புறுவோருக்காக இறைவனிடம் இறைஞ்சுவார். பண்ணின் மதிப்பும் குறையவில்லை. அவருடைய மனச்சான்றும் பொய்யாகவில்லை. எனினும் அடுத்த பருவத்தில் அவருடைய அணி அவரை வேறோர் அணிக்கு மாற்றிவிட்டது.

இருபதாண்டு கழித்து, 2016-இல், அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக், கறுப்பினத்தவர் காவல்துறையினரால் கொல்லப்படுவதைக் கண்டித்து, நாட்டுப்பண் ஒலிக்கும்போது அமர்ந்திருந்தார். முன்னாள் படைவீரரான நேட் போயர் அவரைச் சந்தித்து, அமர்ந்திருப்பதைவிட மண்டியிடுவது மேல் என்றார். வீழ்ந்த தோழரின் கல்லறை முன் படைவீரர் மண்டியிடுவது வழக்கம் என்பதே அவர் சொன்ன காரணம். கேப்பர்னிக் அதனை ஏற்றார். இம்மண்டியிடல் ஒரு படைவீரரின் அறிவுரையிலிருந்து பிறந்தது என்பதைப் பலர் அறியார். அப்பருவத்திற்குப் பின் எந்த அணியும் கேப்பர்னிக்கைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டிலும் விளையாட்டு வீரர் சமூக அநீதியை எதிர்த்ததுண்டு. பல்வங்கர் பாலூ 1876-இல் பிறந்தவர், தாழ்த்தப்பட்ட சமூகத்தவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சில் ஈடிணையற்றவர். 1911-இல் இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். புனேயில் அவர் எறிந்த பந்தை உயர்சாதியினர் தொட்டனர். ஆயின் தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் அரங்கிற்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. பந்தில் ஒட்டாத தீட்டு குவளையில் எவ்வாறு ஒட்டியது என்று அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை போலும்.

திறமையிருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1920-இல் தலைமை மீண்டும் சாதியின் பெயரால் மறுக்கப்பட்டபோது அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் அணியிலிருந்து விலகித் தம் காரணத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டனர். 1923-இல் விட்டல் அவ்வணியின் தலைவரானார். கேட்டவர்க்கே கதவு திறந்தது.

2021 அக்டோபர் 24-ஆம் நாள் துபாயில் பாகிஸ்தானுடன் ஆடுமுன் இந்தியக் கிரிக்கெட் அணியினர் இனவெறிக்கு எதிராக மண்டியிட்டனர். அது நாட்டுப்பண்ணின்போது நிகழ்ந்ததன்று, எனினும் போற்றத்தக்கதே. கடல் கடந்த நாட்டில் நிகழ்ந்த கொடுமைக்காக மண்டியிட முடிந்த நமக்கு, நம் ஊர் மைதானத்தில் கைகுவித்துத் தண்ணீர் குடித்த இளைஞர் கண்ணில் படவில்லையே என்பதுதான் அம்மாணவர் வினாவின் உட்பொருள்.

சட்டம் கூறுவது

"ஜன கண மன" 1950 சனவரி 24-ஆம் நாள் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது. அதனை மதித்தல் குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51-அ பிரிவு கூறும். 1971-ஆம் ஆண்டின் நாட்டு மதிப்பு இழிவுத் தடுப்புச் சட்டத்தின்படி, நாட்டுப்பண் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் அவையைக் குலைப்பதும் குற்றம். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பாடாமல் வாளாநிற்பது குற்றமா? இவ்வினா கேரளத்திலிருந்து எழுந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், பள்ளியில் நாட்டுப்பண்ணின்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர். தம் சமய நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1985-இல் அவர்கள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். பிஜோ இம்மானுவேல் வழக்கு எனப்படும் இவ்வழக்கில் 1986 ஆகஸ்டு 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடியே தீரவேண்டும் என எச்சட்டமும் கூறவில்லை; எழுந்து நின்றதே மதிப்பளித்தமைக்குப் போதும்; கருத்துரிமையும் சமய உரிமையும் அவர்களைக் காக்கின்றன என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். நம் மரபும் அரசியலமைப்பும் கற்பிப்பது சகிப்புத்தன்மையே என்றும் நினைவூட்டினார்.

அத்தீர்ப்பின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். அது காத்தது எழுந்து நின்றவரின் மௌனத்தை. அமர்ந்திருத்தலையோ இடையூறு செய்தலையோ அது ஏற்கவில்லை. நாட்டுப்பண்ணிற்கு எழுந்து நிற்பது நம் நாட்டின் நன்மரபு. அம்மரபைப் பேணிக்கொண்டே ஒருவர் தம் துயரை உணர்த்த இயலும் என்பதற்கு அப்துல் ரவூஃபின் ஏந்திய கைகளே சான்று.

முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. நாட்டை வெறுப்பவர் நாட்டுப்பண்ணைப் பொருட்படுத்துவதில்லை. அதன் பொருள் தமக்கும் மெய்யாகவேண்டும் என்று விழைபவரே அது ஒலிக்கும் நொடியில் தம் வேதனையைக் காட்டுகின்றார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு முழங்குகிறது. அப்பிரிவை மீறித் தண்ணீர் ஊற்றிய கையா, தலைகுனிந்த வீரரா, நாட்டை இகழ்ந்தவர் யார்? ஓர் எதிர்ப்பை எடைபோடுங்கால், அது எதனைக் கேட்கிறது, பிறரைத் தடுக்கிறதா, அதன் இழப்பை யார் ஏற்கிறார் என்னும் மூன்றினையும் நாம் நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் சான் ஓசே பல்கலைக்கழகத்தில் 1968-ஆம் ஆண்டு நிகழ்ச்சிக்கு 2005-இல் சிலை எழுப்பினர். ஸ்மித்தும் கார்லோசும் அதில் நிற்கின்றனர். இரண்டாமிடத்து மேடை மட்டும் வெறுமையாக உள்ளது. நார்மனே அவ்வாறு விடும்படி கேட்டுக்கொண்டார். காண வருவோர் அவ்விடத்தில் ஏறி நின்று, அவ்விருவரோடு தாமும் துணைநிற்க வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

கன்னிவாடி மாணவருக்கு நாம் பின்னர் இதனைக் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்த அவர், "அன்றைக்கு நானும் டம்ளரை வைத்துவிட்டுக் கையைக் குவித்திருக்கலாம், ஐயா" என்றார். நார்மன் விட்டுச்சென்ற வெற்றிடம் நம் ஊர் மைதானங்களிலும் உண்டு. மாணவச் செல்வங்களே, அங்கு ஏறி நிற்க முட்டியை உயர்த்த வேண்டியதில்லை. அருகில் நிற்பவருக்குக் கிட்டாத குவளையை நாமும் ஏற்க மறுப்பதே போதும். அதன்பின் ஒலிக்கும் நாட்டுப்பண்ணிற்கு எல்லாரும் ஒருங்கே நிமிர்ந்து நிற்கலாம்.