மிடற்றின் காவலும் குரலும்

வாயிற்காவல்

தமிழின் பொருட்டுக் கடல்கடந்து பற்பல தேசங்களிற் சொற்பொழிவாற்றிய தனிநாயகம் அடிகளார் 1913ஆம் ஆண்டிற் பிறந்த யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில், பாடசாலை வகுப்பிலும் கோயில் மண்டபத்திலும் குரலையே முதலாகக் கொண்டு உழைப்போர் இன்றும் உளர். மூச்சுக்குழாயின் தலைப்பில், ஒன்பது குருத்தெலும்புகள் தசைகளாலும் இணைநார்களாலும் பிணைக்கப்பட்டு அமைந்த குரல்வளையோ, முதன்மையாகப் பேசுதற்கென ஏற்பட்டதன்று. உண்ணும் சோறும் பருகும் நீரும் சுவாசப்பாதையிற் புகாது காப்பதே அதன் ஆதி உத்தியோகம். விழுங்குங்கால் அது மேலெழ, மூடி கவிய, உள்ளே மடிப்புகள் நெருங்கிக்கொள்கின்றன. இக்காவல் ஒரு கணம் தவறினாற்றான் நமக்குப் புரைக்கேறுகின்றது.

ஒலி பிறக்குமாறு

உந்தியினின்று எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் வெவ்வேறெழுத்தாகும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்தனர். மிடற்றினுள்ளே நிகழ்வதையோ, 1854இல் மனுவேல் கார்சியா என்னும் ஸ்பானிய இசையாசிரியர், சிறு கண்ணாடியொன்றைத் தொண்டையிற் செலுத்திச் சூரியவொளியில் தாமே கண்டார்; வைத்தியரல்லாத ஒரு பாட்டு வாத்தியாருக்கு அக்காட்சி வாய்த்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகின்றது.

தைமாதத்து வாடைக்காற்றில் எம்மவர் ஏற்றும் பட்டத்தின் விண் என்னும் ஒலிக்கருவி அதிர்ந்து கூவுவதைக் கேட்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. நுரையீரலினின்று எழுங் காற்று, நெருங்கிநிற்கும் மடிப்புகளாகிய குரல்நாண்கள் இரண்டையும் தள்ளித் திறக்கின்றது. இடுக்கினூடே அது விரைந்து பாய்கையில் அழுத்தங் குறைய, நாண்களின் மீள்சக்தியும் துணைசெய்ய, அவை மீண்டும் பொருந்துகின்றன. இங்ஙனம் வினாடிக்கு ஆடவரிடத்து ஏறத்தாழ 100 முதல் 130 முறையும், பெண்டிரிடத்து 200 முறையளவிலும் நிகழ்வதே குரலாகின்றது. நாண்கள் நீண்டு இறுகுந்தோறும் சுருதி ஏறும். ஆயினும் அங்குப் பிறப்பது வெறும் ரீங்காரமே. அதனை அகரமும் இகரமும் ஆக்குவன மேலேயுள்ள தொண்டை, வாய், மூக்கு என்னும் அறைகளேயாம்.

குரல் கெடுமாறு

நாடோறும் உரத்துக் கத்துவோருக்கு நாண்களின் விளிம்பிற் சிறு முடிச்சுகள் திரள்வதுண்டு. தொண்டை கட்டியபின் கிசுகிசுத்துப் பேசுவதை ஓய்வென்று நம் ஆசிரியர் பலர் எண்ணுகின்றனர். அதுவும் நாண்களை வருத்தக் கூடியதே. சின்னாட் பேச்சைக் குறைத்தலும் நீர் நிறையப் பருகுதலுமே நலம்.

புகையிலை யாழ்ப்பாணத்தாருக்கு நெடுங்காலப் பணப்பயிராக இருந்தமையாலோ என்னவோ, சுருட்டை நாம் பகையாகக் கருதியதில்லை. ஆயினும் குரல்வளைப் புற்றுநோய்க்குப் புகையே தலையாய காரணம். மதுவுஞ் சேர்ந்தால் அபாயம் இன்னும் பெருகும்.

இன்னொரு விநோதமும் உண்டு. இடப்புறக் குரல்நாணை இயக்கும் நரம்பு நேர்வழியில் வாராது, நெஞ்சினுள் இறங்கி மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் கழுத்துக்கு ஏறுகின்றது. ஆதலின் நுரையீரலில் தோன்றிய கட்டியும் சிலவேளை கம்மிய குரலாலேயே முதலில் வெளிப்படும்.

வைத்தியரை நாடுங் காலம்

மல்லித்தண்ணீரும் மிளகும் தடிமனால் வந்த கட்டுக்கு இதமளிக்கலாம்; மூன்று வாரங் கடந்தும் குரல் தெளியாதாயின், ஊர்காவற்றுறை வைத்தியசாலையிற் காட்டியேனும், பண்ணைப் பாலங் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்றேனும் நாண்களைப் பார்வையிடச் செய்தல் வேண்டும். நாணில் அரும்பிய புற்றுநோய் தொடக்கத்திலேயே அறியப்படின், கதிர்ச் சிகிச்சையாலோ லேசர்ச் சிகிச்சையாலோ பெரும்பாலும் குரல் நிலைக்கவே குணமாகின்றது. விழுங்குதல் கடினமாயினும், இருமலில் இரத்தங் கண்டாலும், கழுத்திற் கட்டி தென்பட்டாலும் அம்மூன்று வாரமுங் காத்திருக்கலாகாது. மூச்சு இரைந்து திணறுமாயின் அக்கணமே புறப்படுக.