மொத்த மதிப்பெண்ணில் மறையும் குறைகள்

கோச்சடையிலிருந்து மேலக்கால் சாலை வழியே நோயாளியை ஏற்றிக்கொண்டு மதுரை நகருக்குள் விரைகிற குடும்பத்தார், ஆஸ்பத்திரி வாசலில் மாட்டியிருக்கும் தரச்சான்றிதழைக் கண்டு மனம் தேறுவது இயல்பே; ஆயினும் அச்சான்றிதழ் எவற்றை அளந்து, எவற்றை எவற்றோடு கூட்டி வழங்கப்பட்டது என்று விசாரிப்பவர் அபூர்வம்.

அரசு மருத்துவமனைகளுக்காக மத்திய அரசு 2013-ல் வகுத்த தேசியத் தர உறுதி நெறிகள், பற்பல அளவுகோல்களையும் சேவை வசதி, நோயாளியின் உரிமை, கட்டடமும் ஆட்பலமும் மருந்தும், துணைச் சேவைகள், சிகிச்சை முறை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், பலன் என எட்டுத் தொகுதிகளாகப் பிரித்திருக்கின்றன. மாவட்ட மருத்துவமனையொன்று முழுச் சான்று பெற மொத்தத்தில் 70 சதவிகிதம் வாங்கினால் போதாது, ஒவ்வொரு தொகுதியிலும் 70 வாங்கவேண்டும் என்ற நிபந்தனையில்தான் விஷயத்தின் சாரமே அடங்கியிருக்கிறது. ஏனெனில், பளபளக்கும் தரைக்குக் கிடைத்த மதிப்பெண், சரியாகக் கிருமி நீக்காத கத்தியால் விளைந்த சீழுக்கு ஈடாகலாகாது.

அமெரிக்க அரசு 2016 முதல் ஆஸ்பத்திரிகளுக்கு மொத்த நட்சத்திர மதிப்பு வழங்கியபோது, தொகுதிக்குள் எந்த அளவுக்கு எத்தனை கனம் என்பதைச் சிக்கலானதொரு கணித முறையிடமே விட்டிருந்தது. நோயாளியின் பாதுகாப்பு என்ற தொகுதியில் ஒரே ஓர் அளவு மற்றவற்றையெல்லாம் அமுக்கிவிட்டதாகக் கண்டனம் எழவே, 2021-ல் எளிய சராசரிக்கு மாறினார்கள். சாமானியருக்கு விளங்காத கணக்கு எத்தனை நுட்பமானதாயினும் நோயாளிக்குப் பிரயோஜனப்படாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மரணக் கணக்கில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து உயிர் ஊசலாடும் நிலையில் வருவோரையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் அரசு இராசாசி மருத்துவமனையை, மதுரைக்காரர் பெரியாஸ்பத்திரி என்று வழங்கும் அந்த ஸ்தாபனத்தை, அபாயம் முற்றியவர்களை அங்கேயே அனுப்பிவிடும் சிறு நர்ஸிங்ஹோமோடு ஒப்பிட்டு மோசமென்பது அநியாயம். ஆண்டுக்கு 20 அறுவைகள் நடக்கும் இடத்தில் ஒரே ஒரு மரணம் 5 சதவிகிதமாகிவிடும். மறு ஆண்டு அது பூஜ்யமானால், வைத்தியம் சீர்ப்பட்டதென்று அர்த்தமில்லை.

ஆகையால், நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு முன், இதை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், எத்தனை பேருக்குப் புண் சீழ்ப்பிடித்தது, எத்தனை பேர் ஒரு மாதத்துக்குள் மீண்டும் சேர்ந்தார்கள் என்று தனித்தனியே கேளுங்கள். அரசு மருத்துவமனையாயின் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். 30 நாட்களில் பதில் தரவேண்டும். உங்கள் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் கட்டளையிடுகின்றன. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதென்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடவேண்டும்.