தண்ணீருக்கு வழிவிடும் தடம்

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். புதிதாக மலைச் சைக்கிள் வாங்கியிருக்கிறாராம். கியர் எத்தனை வேண்டும், சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கவேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். கியர் சங்கதியெல்லாம் சைக்கிள் கடையில் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை: அந்தச் சைக்கிள் ஓடும் தடம்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் தமால்பைஸ் மலைப் பக்கத்து இளைஞர்கள் சிலர், பட்டை டயர் போட்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரே இறக்கத்தில் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். கீழே வந்ததும் பிரித்துப் புதிதாக அடைக்கவேண்டும். 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அதனால்தான். இன்றைய ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குக்கு ஒரு விரல் போதும். டயரில் காற்றையும் குறைவாகத்தான் அடைக்கிறார்கள், 25 பிஎஸ்ஐ பக்கம். கல்லின்மேல் ஏறும்போது டயர் நசுங்கி அதைக் கவ்விக்கொள்ளும்.

இனி தடம். நியூசிலாந்தின் தென் தீவில், வடமேற்கு மூலையில், ‘ஓல்டு கோஸ்ட் ரோடு’ என்று ஒன்று இருக்கிறது. லயல் என்ற இடத்தில் தொடங்கி, மலைமுகடு ஏறி, மொகிஹினுய் ஆற்றோடு இறங்கி, செட்டன்வில் பக்கத்தில் முடிகிறது. நீளம் 85 கிலோமீட்டர். இடையில் ஊர் கிடையாது, சாலை கிடையாது. தங்குவதற்குக் குடில்கள் மட்டும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் லயல் பரபரப்பான தங்கச் சுரங்க ஊர். அங்கிருந்து மலையைத் தாண்டி வண்டிப்பாதை போட இரண்டு முனையிலிருந்தும் வெட்டத் தொடங்கினார்கள். இரண்டும் நடுவில் சந்திக்கவே இல்லை. தங்கம் தீர்ந்தது, ஊர் காலியானது, வெட்டிய வரைக்கும் காடு மூடிக்கொண்டது. போதாக்குறைக்கு 1929இலும் 1968இலும் வந்த பூகம்பங்கள் மலைச்சரிவைப் பெயர்த்துப் போட்டன. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துப் பழைய வரைபடம் ஒன்று கைக்குக் கிடைக்க, உள்ளூர்த் தன்னார்வலர்கள் கிளம்பி, விட்டுப்போன நடுப்பகுதியையும் வெட்டி முடித்தார்கள். 2015 டிசம்பரில் திறந்தது. இப்போது பீச் மரக் காட்டுக்குள் ஏறி, 1,300 மீட்டர் உயரத்தில் மரமே இல்லாத முகட்டைத் தொட்டு, மறுபக்கம் இறங்கலாம்.

தென் தீவின் மேற்குக் கரை மழைக்குப் பேர்போனது. கடலோர ஊரான வெஸ்ட்போர்ட்டிலேயே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். இப்படிப்பட்ட மலையில் மண்தடம் எப்படிக் கரையாமல் நிற்கிறது? டயர் தேய்ப்பதால் தடம் கெடுகிறது என்றுதான் நாம் நினைப்போம். அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். தடம் வெட்டும் கலையில் பெரும்பகுதி, தண்ணீரைத் தடத்தில் நடக்கவிடாமல் தாண்டிப்போகச் செய்வதுதான்.

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குத் தளம் போட்ட கொத்தனார், டியூப் லெவல் பிடித்துப் பிடித்து வாட்டம் பார்த்தார். கண்ணுக்கே தெரியாத சரிவு, ஆனால் எவ்வளவு கொட்டினாலும் மழை நேரே குழாய்க்குப் போய்விடும். மலைத்தடத்திலும் அதே வேலைதான் நடக்கிறது. மலையை ஒட்டிய ஓரத்தைவிடப் பள்ளத்துப் பக்கத்து ஓரம் ஒரு துளி தாழ்ந்திருக்கும், நூற்றுக்கு ஐந்து அளவில். மேலிருந்து வரும் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். இன்னொரு விதியும் உண்டு. தடத்தின் ஏற்றம், அது ஓடும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு நூற்றுக்கு 20 என்றால் தடம் 10க்குள் இருக்கவேண்டும். தாண்டினால் தண்ணீர் குறுக்கே போகாது. தடத்தையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செங்குத்துச் சரிவைவிடச் சமதரையில் தடம் போடுவது கடினம். சமதரையில் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லையே, தேங்கிச் சேறாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது. நீண்ட இறக்கத்தில் வந்துகொண்டிருப்பீர்கள். திடீரென்று தடம் சின்னதாக ஏறும், மறுபடி இறங்கும். வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு. ஓட்டுகிறவர் ஆனந்தமாகக் கத்துவார். நம் சுகத்துக்காக வைத்தது என்று நினைத்துக்கொள்வோம். வைத்தது தண்ணீருக்காக. நல்ல வாட்டமும் நாள்பட நாள்படத் தேய்ந்துவிடும். நடுவில் பள்ளம் விழுந்து நீர் அதிலேயே ஓடத் தொடங்கும். அந்த நீர் இந்தக் குட்டி ஏற்றத்தின்மேல் ஏற முடியாமல், அடியில் வைத்திருக்கும் திறப்பு வழியாக வெளியே போகும். நாற்பது, ஐம்பது அடிக்கு ஒன்று வைத்தால்கூடத் தப்பில்லை. நாம் கத்தி மகிழ்ந்தது ஒரு வடிகாலில்!

இத்தனை பாடுபட்டு வெட்டியதைக் கெடுக்க ஒரு பின்சக்கரம் போதும். பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சக்கரத்தைச் சுழலவிடாமல் இழுத்துக்கொண்டு, புழுதி பறக்கத் திரும்புவதை வீரம் என்று காணொளிகளில் காட்டுகிறார்கள். அந்த இழுப்பு விடும் கீறல்தான் அடுத்த மழைக்கு வாய்க்கால். அது வேகமாக நிற்கும் வழியும் அல்ல. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் போவதால் முன்சக்கரம்தான் அதிகம் நிறுத்தும். அதைப் பூப்போலப் பிடிக்கப் பழகவேண்டும். சேற்றுக் குட்டை வந்தால் சுற்றிப் போகிறார்கள். ஒற்றையடித் தடம் இப்படித்தான் வருஷத்துக்கு வருஷம் அகலமாகிறது. குட்டைக்குள்ளேயே போங்கள் தம்பி, சைக்கிளைக் கழுவிக்கொள்ளலாம். நீலகிரியில் புல்மேட்டை நேர்க்கோட்டில் பிளந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. வடகிழக்குப் பருவமழை ஒன்று போதும், அந்தக் கோடு ஓடையாக. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

நியூசிலாந்தின் அந்த மொகிஹினுய் ஆற்றுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. அந்த ஆற்றின் குறுக்கே, குறுகலான பள்ளத்தாக்கில், 85 மீட்டர் உயரத்துக்கு நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டியிருந்தால் இன்று ஆற்றோரம் சைக்கிள் போகிற இடம் ஏரிக்கடியில் இருந்திருக்கும். இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் எதிர்த்து வழக்காடின. துடுப்புப் படகுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2012இல் திட்டம் கைவிடப்பட்டது. 2019இல் அந்த நிலத்தைக் கஹுராங்கி தேசியப் பூங்காவோடு சேர்த்தார்கள். இப்போது அங்கே போகிறவர்களுக்குத் தொல்லை வெக்கா என்ற பறவைதான். கோழி அளவு இருக்கும், பறக்காது. குடில் வாசலில் கையுறையைக் கழற்றி வைத்தால் கவ்விக்கொண்டு புதருக்குள் ஓடிவிடும்.