பெட்டியில் இருக்கும் சாரன்

கல்முனைக்குடியில் ஒரு மாதர் சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் வகுப்பு நடத்தும்படி என்னைக் கேட்டார்கள். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களிலிருந்து பதினேழு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலானோர் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனையைச் சேர்ந்தவர்கள். காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் அக்காமார் நான்கு பேர். "பாவித்த பொருட்களிலிருந்து பயனுள்ள பொருட்கள்" என்று வாசலில் கடதாசியில் எழுதி ஒட்டியிருந்தது. முதல் நாள் நான் கொண்டுபோனது பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களும், கத்தரிக்கோலும், இரண்டு நிறத்தில் பெயின்ற் பேணிகளும். போத்தலின் அடியை வெட்டி, இதழாக விரித்து, பூ செய்வது எப்படி என்று காட்டினேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செய்து முடித்து மேசையில் வைத்ததும் சாய்ந்தமருது ராத்தா ஒருவர் கேட்டார்: "இந்தப் பூவ எங்க மிஸ் வெக்கிற?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் விடவில்லை. "பழைய சாமான் எண்டா ஊட்டுல பழசு இரிக்கணுமே. எங்கட ஊட்டுப் பழசெல்லாம் கடலுக்குள்ள. இப்ப இரிக்கிறது முழுக்க ரெண்டாயிரத்தி அஞ்சாம் ஆண்டு குடுத்த சாமான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. 2004 டிசம்பர் 26இல் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அப்போது நான் ஒன்பதாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். கரையோரத்து வீடுகளில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்ததைக் கண்ணால் கண்டவள். அதற்கு முன்பு யுத்தத்தில் இரண்டு மூன்று தடவை வீட்டை விட்டு ஓடிய குடும்பங்களும் அவற்றில் இருந்தன. இப்படிப்பட்டவர்களுக்கு முன்னால் போய், "வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பொருட்களை எறியாதீர்கள்" என்று பாடம் எடுத்திருக்கிறேன்!

அடுத்த கிழமை போத்தல்களைக் கொண்டுபோகவில்லை. முகாமில் இருந்த காலத்தில் எதை எதற்குப் பாவித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அன்று இரண்டு மணித்தியாலமும் அவர்களே பேசினார்கள். நிவாரண மா வந்த சாக்கை அவித்துக் கழுவி, பிள்ளைக்குச் சட்டை தைத்த கதை. பால்மா பேணியில் துளையிட்டுச் சல்லடை செய்த கதை. கூடாரத்துக்குள் குளிக்க மறைப்பு இல்லாமல், மூன்று குடும்பத்துப் பெண்கள் ஆளுக்கொரு சேலை கொடுத்து நாற்புறமும் கட்டி, முறைவைத்துக் குளித்த கதை. "அந்தச் சேலய பொறகு நாங்க உடுக்கவும் இல்ல, எறியவும் இல்ல" என்றார் பாண்டிருப்பு அக்கா. பதினேழு பேரில் எவருக்கும் என் பயிற்சி தேவைப்படவில்லை என்பது அன்று விளங்கியது. அவர்களுக்குத் தேவைப்பட்டது உட்கார ஓர் இடமும், பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலமும்தான்.

ஆனாலும் ஒன்றாக ஏதாவது செய்வோம் என்று சீலையை எடுத்துக்கொண்டோம். மருதமுனைப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. கைத்தறி ஊரில் பிறந்தவர்கள். நெய்த சாரனையோ சேலையையோ அறுத்து இறக்கிய பிறகு தறியில் பாவு நூல் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கொண்டு இனி நெய்ய முடியாது, ஆனால் நல்ல சாயம் போட்ட நூல். அதைச் சேர்த்து முறுக்கிக் கயிறாக்கி, ஏணைக்கும் கொடிக்கும் கட்டுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திதான் எங்களுக்குச் சாரன் வெட்டக் காட்டித் தந்தாள். இதை நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

சாரன் என்பது இரண்டு முனையையும் பொருத்தித் தைத்த ஒரு குழாய். நாங்கள் தையலைப் பிரித்து, தனித்தனிக் கீலமாகக் கிழித்து, பிறகு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் தையலைப் பிரிக்கவே இல்லை. கீழ்க்கரையில் இரண்டு அங்குல அகலத்தில் சரிவாக வெட்டத் தொடங்கி, சுற்றிச் சுற்றி மேலே ஏறிப்போனாள், தோடம்பழத் தோலை அறாமல் உரிப்பது போல. முடிவில் ஒரே நாடா. ஒரு சாரனில் நாற்பது மீற்றருக்கு மேல் வரும். முடிச்சே கிடையாது. இப்படி மூன்று சாரன் நாடாவை எடுத்துத் தலைப்பின்னல் போலப் பின்னி, பின்னலை நத்தை ஓடு போலச் சுருட்டிச் சுருட்டித் தைத்தால், ஒருவர் சம்மணமிட்டு இருக்கக்கூடிய வட்ட விரிப்பு கிடைக்கும். தைப்பதற்கு வலை பின்னுகிற நூல்தான் நல்லது. சாதாரண தையல் நூல் ஆறு மாதம் தாங்காது. வளைவில் பின்னலை இழுத்துத் தைக்கக்கூடாது. இழுத்தால் விரிப்பு தட்டையாக நில்லாமல் தொப்பி போலக் குவிந்துவிடும். என்னுடையது அப்படித்தான் குவிந்தது. காரைதீவு அக்கா அதைப் பிரிக்க விடாமல் வாங்கி, இன்னும் நான்கு சுற்று ஏற்றி, வெங்காயம் போட்டு வைக்கும் கூடையாக்கிவிட்டார்.

பருத்திச் சாரனுக்கும் பொலியெஸ்டர் சாரனுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். ஒரு நூலைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். சாம்பலானால் பருத்தி, உருகி மணி போல உருண்டால் பொலியெஸ்டர். ஈரம் உறிஞ்சும் கால்மிதிக்குப் பருத்திதான் சரி. மற்றது உட்காருவதற்கு ஆகும். இதை விற்று வாழ்வாதாரம் தேடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு விரிப்புக்கு இரண்டு நாள் போகிறது, கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. வாழ்வாதாரம் என்ற சொல்லை நாங்கள் தேவைக்கு அதிகமாகவே பாவித்துவிட்டோம்.

இனி, நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

நான்காவது கிழமை எல்லோரையும் ஒரு பழைய சாரன் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அறுபது வயதை நெருங்கும் ஒரு ராத்தா மூன்று சாரன் கொண்டுவந்தார். கழுவி, மடித்து, மணக்க மணக்க. பெட்டிக்கட்டுப் போட்ட பழைய காலத்துச் சாரன்கள். எல்லோரும் வெட்டத் தொடங்கினார்கள். அவர் மடிமேல் வைத்துக்கொண்டு இருந்தார். நான் போய், "பழசுதானே ராத்தா, வெட்டுங்க" என்று சொல்லி, கத்தரிக்கோலையும் நீட்டினேன்.

"இது வெட்டக் கொண்டு வரல்ல புள்ள. காட்டத்தான் கொண்டு வந்தன்" என்றார்.

அப்போதாவது நான் விளங்கியிருக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் முடிய வேண்டுமே என்ற அவசரத்தில், "சும்மா பெட்டிக்குள்ள வெச்சு என்ன செய்ற?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சாரன்களைப் பையில் வைத்தார். தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனார். அதற்கடுத்த மூன்று கிழமையும் வரவில்லை.

அந்த மூன்று கிழமையும் வகுப்பு நடந்தது. சீலையோடு நில்லாமல் போத்தல், பேணி, வாளி பற்றியும் பேசினோம். அதில் இரண்டு விடயங்களை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஒன்று, கிருமிநாசினி வந்த கேன். வயற்பக்கத்து வீடுகளில் அதைக் கழுவித் தண்ணீர் அள்ளவும் மண்ணெண்ணெய் வைக்கவும் பாவிக்கிறார்கள். எத்தனை தரம் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது முழுதாகப் போகாது. அதை எதற்கும் பாவிக்காதீர்கள். பிள்ளைகள் எடுக்காதபடி துளையிட்டு ஒதுக்குங்கள்.

மற்றது போத்தல் விளக்கு. 2022இல் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்போது பல வீடுகளில் பழைய போத்தல் விளக்கு மறுபடி வெளியே வந்தது. யுத்த காலத்தில் நாம் எல்லோரும் ஜாம் போத்தலிலும் மருந்துப் போத்தலிலும் திரி போட்டு எரித்தவர்கள்தான். உயரமான, பாரமில்லாத போத்தல் தட்டுப்பட்டால் விழும். விழுந்தால் உருளும். மூடி இறுக்கமில்லாவிட்டால் எண்ணெய் கொட்டி உடுப்பில் பற்றும். எரிகாயங்களுக்குச் சிகிச்சை செய்து வந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாமைற் போத்தலைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. குட்டை, பாரம், தடித்த கண்ணாடி. அதே போல ஒரு விளக்கை, விழுந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகிப் பூட்டும் உலோக மூடியோடு வடிவமைத்தார். சுதீப என்று பெயர். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. வீட்டில் விளக்கு வைக்கத்தான் வேண்டுமென்றால், உங்கள் போத்தலும் அந்த மாதிரியானதா என்று பாருங்கள். மணல் போட்ட தட்டில் வையுங்கள். நுளம்பு வலைக்குக் கிட்ட வேண்டாம். மண்ணெண்ணெய் தவிர வேறெதையும் ஊற்றவே கூடாது.

சொப்பிங் பைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டாளைச்சேனைப் பக்கத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்தக் குப்பையில் எங்கள் ஊர்களின் பைகளும் இருக்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னதும், மிஞ்சிய சீலைத் துண்டுகளில் சந்தைப் பை தைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் என் மனம் வராத ராத்தாவிடமே இருந்தது. பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு விடயம் ஞாபகத்துக்கு வந்தது. சிலி நாட்டில் 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள், பலர் காணாமற்போனார்கள். அவர்களைத் தேடி அலைந்த தாய்மாரும் மனைவிமாரும் சந்தியாகோ நகரில் தேவாலயத்தின் ஆதரவோடு கூடி, சாக்குத்துணியில் பழைய சீலைத் துண்டுகளை ஒட்டித் தைத்துப் படங்கள் செய்தார்கள். வீதி, மலை, சூரியன், ஆளில்லாத கதிரை. காணாமற்போனவரின் சட்டைத் துண்டையே சிலர் அதில் வைத்துத் தைத்தார்கள். அந்தப் படங்கள் நாட்டுக்கு வெளியே விலைபோய் அவர்களுக்கு வருமானமும் தந்தன. இதைப் படித்தபோது நல்ல உதாரணம் என்று குறிப்பெடுத்தேன். அந்தச் சட்டையில் முதல் கத்தரி போட ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டில், ஆரோவில்லிலிருந்து உமா பிரஜாபதி என்பவரின் உபாசனா நிறுவனம், மீனவக் கிராமத்துப் பெண்களைக் கொண்டு ஆலைகளில் மிஞ்சிய துண்டுத் துணியில் சின்னப் பொம்மைகள் செய்வித்தது. சுனாமிகா என்று பெயர். அவற்றை விற்பதில்லை, அன்பளிப்பாகவே கொடுப்பார்கள். நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி. நல்ல வேலைதான். ஆனால் அந்தத் துணி யாருடையதும் அல்ல. யாரும் உடுத்திராத துணி. எங்கள் ராத்தாவின் மடியில் இருந்தது அப்படியல்ல.

கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் கேட்காமலே சொன்னார். 1990இல் கணவர் வயலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. "மௌத்தான ஆக்கள்ர உடுப்ப நாங்க ஸதகா குடுப்பம்தானே. இவர்ர உடுப்ப எந்தக் கணக்கில குடுக்கிற? இத்தா எப்ப இரிக்கிற எண்டே எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல" என்றார். கடல் வந்த அன்று வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பெட்டி அலுமாரிக்கு மேலே இருந்ததால் தப்பியது. வருடத்துக்கு ஒரு தரம், நோன்புக்கு முன்பு, எடுத்துக் கழுவிக் காயவைத்துத் திரும்ப மடிப்பார். முப்பது வருடத்துக்கு மேலாக.

அன்றைக்கு ஏன் வகுப்புக்குக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் அவங்கவங்க ஊட்டுச் சாரன் கொண்டு வாறாங்க. எனக்கும் கொண்டு வர இரிக்கி எண்டு காட்டத்தான்."

நான் வகுப்புக்கு வரச் சொல்லவில்லை. சொல்ல வாயும் வரவில்லை.

இரண்டு கிழமை கழித்து அவரே வந்தார். பையிலிருந்து ஒரு சாரனை மட்டும் எடுத்தார். மூன்றில் ஆக நைந்தது அது, கரையில் இழை விட்டிருந்தது. வீட்டுக் கத்தரிக்கோல் துருப்பிடித்துப்போயிற்று என்று சொல்லி என்னுடையதைக் கேட்டார். மருதமுனைப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, எங்கே தொடங்குவது என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, சரிவாக வெட்டத் தொடங்கினார். மெதுவாக. நடுவில் ஒரு தரம் நிறுத்தினார். நாடா அறவில்லை.

ஒரு விரிப்புக்கு மூன்று சாரன் வேண்டும். மற்ற இரண்டு நாடாவுக்கும் காரைதீவு அக்கா தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தார்.

"மத்த ரெண்டையும் கேக்காதீங்க மிஸ்" என்றார் ராத்தா, பின்னிக்கொண்டே.

நான் கேட்கவில்லை.